முப்பதடித் தண்ணீர்

மழைக்காட்டில் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிய ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தட்டுக் கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்து வைத்திருந்தேன். வீணாகக் கொட்ட மனசு வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நான்கு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத ஒரு மரத்தின் தூரில் கொண்டுபோய் ஊற்றினேன். அப்போது மழை பெய்துகொண்டிருந்தது. மூன்று நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. குடை பிடித்து வந்த என்ஜினீயர் மேடம் நின்று பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தண்ணீருக்கு அலையும் நாமகிரிப்பேட்டைப் பக்கம் பிறந்தவன் கையில் இருக்கும் வாளி தானாகவே செடியைத் தேடிக்கொண்டு போகும். அது கையின் பழக்கம், புத்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நான் ரிக் வண்டியில் சமையல்காரன். எங்கள் பக்கத்தில் ரிக் வண்டி என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆழ்துளைக் கிணறு போடும் இயந்திரத்தை லாரியின் முதுகில் ஏற்றி வைத்திருப்பதுதான் ரிக். அதற்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர் இன்னொரு லாரியில் கூடவே வரும். எங்கள் வட்டாரத்து ரிக் வண்டி போகாத மாநிலம் கிடையாது. காடு என்று நாங்கள் சொல்லும் எங்கள் சொந்த நிலத்தில் ஆயிரம் அடி தாண்டியும் புழுதியே வருவதால், அடுத்தவர் ஊரில் தண்ணீர் எடுத்துக் கொடுத்துப் பிழைக்கிறோம்.

வண்டியில் ஐந்து பேர். டிரைவர் அண்ணன் அறுபதை நெருங்கியவர். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் பாஷையில் டீ கேட்கவும் சண்டை போடவும் மூன்றே நாளில் கற்றுக்கொள்வார். துளை போடும் டிரில்லருக்கு முப்பத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை. துளைக்குள் இறக்கும் இருபதடி இரும்பு ராடுகளை மாட்டவும் கழற்றவும் சத்தீஸ்கரிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர். எங்கள் மூவரின் சத்தத்தையும் அவர்கள் தினமும் சினிமா பார்ப்பதுபோல உட்கார்ந்து பார்ப்பார்கள். ஐந்தாவது ஆள் நான்.

இந்த முறை எங்களுக்குக் கிடைத்தது கிணற்று வேலை இல்லை, ரயில் வேலை. அஸ்ஸாமுக்குத் தெற்கே, பகலிலும் வெளிச்சம் தரைக்கு வராத ஒரு மலைக்காட்டுக்குள் புதிதாகத் தண்டவாளம் போடுகிறார்கள். பாதை தரையில் கொஞ்ச தூரம் போகும், மலையின் வயிற்றுக்குள் கொஞ்ச தூரம் போகும், மிச்சம் அந்தரத்தில் போகும். அந்தரத்தில் போகத் தூண் வேண்டும். தூண் நிற்கப் போகும் இடத்தில் எத்தனை அடியில் கெட்டிப் பாறை இருக்கிறது என்று துளை போட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் வேலை அவ்வளவுதான். பாறை வேண்டும், தண்ணீர் வேண்டாம். இதை மேடம் முதல் நாளே இந்தியில் இரண்டு தடவை சொன்னார். டிரைவர் அண்ணன் மூன்றாவது தடவையாகத் தமிழில் சொன்னார். நாங்கள் தலையை ஆட்டிக்கொண்டோம்.

ஊரில் மழை வந்தால் வாசலுக்கு ஓடிப்போய்க் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற ஆட்கள் நாங்கள். முதல் வாரம் அங்கேயும் அப்படித்தான் நின்றோம். டிரைவர் அண்ணன் ஊட்டுக்கு போன் போட்டு, "சத்தத்தக் கேளு, சத்தத்தக் கேளு" என்று போனைக் கூடாரத்துக்கு வெளியே நீட்டினார். இரண்டாம் வாரம் யாருடைய உள்ளாடையும் காயவில்லை. மூன்றாம் வாரம் பெல்ட்டில் பூஞ்சை பூத்தது. அதன் பிறகு மழையைப் பற்றி யாரும் ஊருக்குப் பெருமையாகப் பேசவில்லை. ஆனால் அதைத் திட்டவும் வாய் வரவில்லை. வாழ்நாளெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு வராத விருந்தாளி, வந்து போகமாட்டேன் என்று உட்கார்ந்தால் எப்படித் திட்டுவது?

துணி காய வைக்க ஒரே வழி கம்ப்ரசர். அது ஓடும்போது மேல்மூடி தோசைக்கல் மாதிரி சுடும். காலையில் இவருடைய லுங்கி, மத்தியானம் அவருடைய பனியன் என்று முறை வைத்துக்கொண்டோம். எல்லோர் மேலும் ஒரே டீசல் வாசம் அடித்தது. சமையலறையில் என் பாடு அதைவிட மோசம். உப்பு ஜாடியில் உப்பு இருக்காது, உப்புத் தண்ணீர்தான் இருக்கும். அள்ளிப் போட்டுப் பழகிய கை, ஊற்றிப் பழகியது. தீப்பெட்டியை நான் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு தூங்கினேன். பொரித்த அப்பளம் தட்டில் விழும்போது மொறுமொறுப்பாக இருக்கும். டிரில்லர் கைகழுவிவிட்டு வருவதற்குள் கைக்குட்டை மாதிரி தொங்கும். "ஏனுங்ணா, இதத் திங்கறதா, மூஞ்சி தொடைக்கறதா?" என்று அவர் தினமும் கேட்டார். நானும் தினமும் கோபித்துக்கொண்டேன்.

அட்டைக்கு வைத்தியம் நான் கண்டுபிடித்ததுதான். எங்கள் ஊர் மஞ்சள்தூள் ஒரு மூட்டை கையோடு கொண்டுபோயிருந்தேன். அதையும் புகையிலையையும் நல்லெண்ணெயில் குழைத்துக் காலையில் முழங்கால் வரை பூசிக்கொண்டு வேலைக்குப் போவோம். மஞ்சள் பூசிய பத்துக் கால்கள் சேற்றில் வரிசையாகப் போவதைப் பார்த்து, மூங்கில் வெட்டும் உள்ளூர் ஆட்கள் இது ஏதோ விரதம் என்று நினைத்து வழிவிட்டு நின்றார்கள். அட்டைகளும் அப்படித்தான் நினைத்திருக்கும். பயபக்தியோடு வந்து கடித்தன. ஆனாலும் பூசுவதை நாங்கள் விடவில்லை. மூங்கில்காரர்கள் மஞ்சள் கொஞ்சம் கேட்டு வாங்கிப் போனார்கள், பதிலுக்கு மூங்கில் குருத்து கொடுத்தார்கள். அதைப் புளிக்குழம்பில் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது, டிரைவர் அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

தினமும் காலை பதினொரு மணிக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கும் மலைக்கு வெடி வைப்பார்கள். மூன்று விசில் ஊதினால் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு இரும்புப் பெட்டி அறைகளுக்குப் பின்னால் போய் ஒதுங்க வேண்டும். வெல்டர்கள், சுரங்க ஆட்கள், அளவெடுப்பவர்கள், மூங்கில்காரர்கள், நாங்கள் எல்லோரும் பத்து நிமிஷம் தோளோடு தோள் ஒட்டி நிற்போம். செய்வதற்கு ஒன்றுமில்லாத பத்து நிமிஷம். எங்கள் டிரில்லரின் கல்யாண விஷயம் அகில இந்திய விஷயமானது அங்கேதான்.

எங்கள் பக்கத்தில் ரிக் வண்டிக்காரனுக்குப் பெண் தேடுவதும் துளை போடுவது மாதிரிதான். ஜோசியர் இடம் காட்டுவார், எல்லாம் கூடி வரும், கடைசியில் புழுதி கிளம்பும். வருஷத்தில் பத்து மாதம் வெளியூரில் இருக்கிறவனுக்குக் கொடுப்பதற்குப் பதிலாகப் பெண்ணை எங்கள் ஊட்டிலேயே வைத்துக்கொள்கிறோம் என்று ஒருவர் வாய்விட்டே சொல்லியிருக்கிறார். இப்படி ஏழெட்டு இடம் தட்டிப்போன பிறகு, மேச்சேரிப் பக்கத்தில் ஒரு இடம் அமைந்தது. பெண்ணின் அப்பா மானாவாரிக் காடும் கொஞ்சம் செம்மறி ஆடும் வைத்திருப்பவர். பெண் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஜாதகம் பொருந்திவிட்டது. ஆனி மாதத்துக் கடைசி ஞாயிறு பெண் பார்க்க வரச் சொன்னார்கள்.

அந்த ஞாயிறு தவறினால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் யாரும் பெண் பார்க்க மாட்டார்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இன்னொரு ஜாதகம் வரிசையில் நிற்பதையும் தரகர் மறக்காமல் சொல்லி வைத்திருந்தார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மேச்சேரியில் இருந்தால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை. அன்றிலிருந்து நாங்கள் டிரில்லரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டோம். வெல்டர்களும் கூப்பிட்டார்கள். மேடம்கூட ஒரு நாள் கூப்பிட்டுவிட்டுச் சிரித்தார்.

மாப்பிள்ளை மாறிப்போனார். புதன்கிழமை ரயில் ஏறினால் சனிக்கிழமை சேலம். அதற்குள் ஆறு துளைகளை முடித்தாக வேண்டும் என்று, டீ குடிக்கும் நேரத்தையும் விட்டுக்கொடுத்தார். ஒரு வெள்ளைச் சட்டையை நான்கு பிளாஸ்டிக் பையில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டித் தலைமாட்டில் வைத்திருந்தார். பூஞ்சை பிடித்துவிட்டதா என்று தினமும் காலையில் நான்கு பையையும் அவிழ்ப்பார், ஈரக்காற்றை உள்ளே விடுவார், மறுபடி கட்டுவார். முகத்துக்கு ஏதோ கிரீம் வேறு. "மாப்ளே, காலுக்குப் பூசறதுல மிச்சத்த மூஞ்சிக்கும் இழுத்து உடுங்க, கலரும் வரும், அட்டையும் வராது" என்றேன். "சிரிங்கண்ணா, சிரிங்க. உங்களுக்கு இருவத்தி மூணுல முடிச்சுட்டாங்க" என்றார். தரகருக்கு அவர் கொடுத்திருந்த போட்டோவில் கோட்டு சூட்டு போட்டிருந்தார். தலை அவருடையது, கோட்டு ஸ்டுடியோவுடையது.

திங்கட்கிழமை ஆறாவது துளை. ஓடைக்கரையில், மலை இறங்கி வந்து நிற்கிற இடம். டிரைவர் அண்ணன் வழக்கம்போல ரிக்குக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டினார். மழையில் சூடம் நான்கு தடவை அணைந்தது. ஐந்தாம் தடவை எரிந்ததும் மாப்பிள்ளை லீவரைத் தள்ளினார். முதல் ராடு செம்மண்ணிலும் களிமண்ணிலும் வெண்ணெயில் போவதுபோல இறங்கியது. சாயங்காலத்துக்குள் பாறையைத் தொட்டு முடித்துவிடலாம் என்றார். நான் கூடாரத்தில் வெங்காயம் நறுக்கப் போனேன்.

பத்து வருஷம் ரிக் வண்டியில் சமைத்தவனுக்குக் காதுதான் முதலில் கேட்கும், மூளைக்கு அப்புறம்தான் சேதி போகும். அடியில் தட்டும் சுத்தியின் சத்தம் மாறியது. வறண்ட கல்லில் கணீர் கணீர் என்று தட்டுவது, ஈரம் கண்டால் தொண்டை அடைத்ததுபோல ஆகிவிடும். அந்தச் சத்தத்துக்காக எங்கள் காடுகளில் குடும்பமே கட்டிலைப் போட்டு ராத்திரி பகலாகக் காத்துக் கிடக்கும். பெண்கள் தாலிக்கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அது எனக்குக் கேட்டதும் கத்தி கையிலிருந்து விழுந்தது. "தண்ணி! தண்ணி வந்துருச்சு சாமி!" என்று கத்திக்கொண்டு மஞ்சள் டப்பாவோடு மழைக்குள் ஓடினேன்.

துளையிலிருந்து தண்ணீர் ரிக்கின் உயரத்துக்கு எழும்பி நின்றது. ஆழம் முப்பதடிதான், ஒன்றரை ராடுதான். மாப்பிள்ளை காற்றை நிறுத்தினார். அப்போதும் அது அடங்கவில்லை. முழங்கால் உயரத்துக்குத் தானாகவே குமிழிட்டுப் பொங்கியது. மோட்டார் இல்லாமல், யாரும் கேட்காமல் பொங்கியது. முதல் தண்ணீரை டிரில்லர் தலையில் ஊற்றித் துண்டு கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். காட்டுக்குச் சொந்தக்காரர் செய்ய வேண்டியது. அங்கே யார் சொந்தக்காரர்? டிரைவர் அண்ணனே சொந்தக்காரராகிவிட்டார். ஒரு சொம்பு மொண்டு மாப்பிள்ளை தலையில் ஊற்றி, தன் தோள் துண்டை எடுத்து உருமால் கட்டினார். தேங்காயை உடைத்தார். நான் மஞ்சளை அள்ளி அள்ளி வீசினேன். மாப்பிள்ளை ஓட்டைப் பனியனோடும், தொடைக்கு மேல் மடித்துக் கட்டிய லுங்கியோடும் சேற்றில் குதித்து ஆடினார். நான் ஆடினேன். அறுபது வயசு டிரைவர் அண்ணன் ஆடினார். சத்தீஸ்கர் தம்பி டிரைவர் அண்ணனின் போனை வாங்கி வீடியோ எடுத்தான்.

சத்தம் கேட்டு மேடம் முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்தார். யாருக்கு என்ன ஆச்சு என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

"பானி, மேடம்! பானி!" என்றார் டிரைவர் அண்ணன், அந்த மலையையே அவருக்கு எழுதிக் கொடுப்பவர் மாதிரி.

மேடம் இடப்பக்கம் திரும்பி ஓடையைப் பார்த்தார். வலப்பக்கம் திரும்பி ஒழுகிக்கொண்டிருக்கும் மலையைப் பார்த்தார். குடையைக் கொஞ்சம் சாய்த்து வானத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில்தான் எங்களுக்கு நினைவு வந்தது. பாறை வேண்டும், தண்ணீர் வேண்டாம். 

மேடம் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. தூண் நிற்கும் இடத்தில் இப்படித் தண்ணீர் பொங்க விடக்கூடாது, சிமெண்டுப் பாலை அழுத்தத்தில் செலுத்தி அடைக்க வேண்டும், அப்புறம் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று புதிதாகத் துளை போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். எப்படிக் கணக்குப் போட்டாலும் ஒரு வாரம். வேறு டிரில்லர் ஊரிலிருந்து வந்து சேரவே நான்கு நாளாகும். மேடத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை விஷயம் தெரியும். "மாஃப் கரோ" என்று அவரே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை ராடு அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். தலையில் டிரைவர் அண்ணன் கட்டிய உருமால் அப்படியே இருந்தது. அதை அவிழ்க்கச் சொல்லவும் எங்களுக்கு வாய் வரவில்லை. நான் வீசிய மஞ்சள் அவர் காதோரம் வழிந்து இறங்கியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் வந்தது என் குற்றமில்லை. ஆனால் அவர் வாழ்க்கையில் இடி விழுந்த நேரத்தில் முதல் ஆளாக ஓடி வந்து மஞ்சள் தூவி ஆடியவன் நான்தானே.

இதற்கே இப்படி என்றால், சாயங்காலம் தெரிந்தது இன்னும் மோசம். ஆடி முடித்த கையோடு டிரைவர் அண்ணன் அந்த வீடியோவைப் பெருமையாக மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அனுப்பியிருந்தார். பையன் வர முடியாத சேதி தெரிந்ததும் அந்த அம்மா, காரணம் காட்ட வேண்டுமே என்று அதைத் தரகருக்கு அனுப்பிவிட்டார். தரகர் அதைப் பெண் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கோட்டு சூட்டில் பார்த்த மாப்பிள்ளை ஓட்டைப் பனியனில் சாமி வந்தவர் மாதிரி ஆடுவதை மேச்சேரியில் இப்போது பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"பெங்களூர்க்காரனுக்குப் பரிசம் போட்டுட்டாங்கனு வெச்சுக்கங்க" என்றார் மாப்பிள்ளை. அன்று அரிசியும் பருப்புஞ் சோறு ஆக்கியிருந்தேன். அவருக்குப் பிடித்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணி வெடிக்கு எல்லோரும் இரும்புப் பெட்டிக்குப் பின்னால் நின்றோம். வெடித்து முடிந்து, எல்லாம் சரி என்கிற நீள விசிலுக்காகக் காத்திருந்தபோது மாப்பிள்ளையின் போன் அடித்தது. தெரியாத எண். நெரிசலில் காதில் வைக்க இடமில்லாமல் ஸ்பீக்கரில் போட்டார்.

"நானுங்க, மேச்சேரியில இருந்து பேசறேனுங்க." பெண் குரல்.

மாப்பிள்ளை நின்றபடியே இன்னும் நிமிர்ந்தார். சுற்றிலும் நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பாஷை புரியாதவர்கள்தான் அதிகமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"சொல்லுங்க."

"வீடியோ பாத்தேனுங்க."

"அது வந்துங்க, அன்னிக்கு மழைங்க. அந்தப் பனியன் பழசுங்க. நல்ல பனியன் வேற இருக்குதுங்க."

"பனியனக் கேக்கலீங்க. அது எத்தன அடிங்க?"

கணக்கு டீச்சர் அல்லவா, எண்ணில் ஆரம்பித்தார்.

"முப்பதடிங்க."

சிக்னல் போய்விட்டதோ என்று மாப்பிள்ளை போனை ஆட்டிப் பார்த்தார்.

"முப்பதா, முந்நூறுங்களா?"

"முப்பதுங்க. ஒன்றர ராடு."

"மோட்டார் எறக்கிட்டீங்களா?"

"இல்லீங்க. அதுவாவே வருதுங்க."

"இப்பவுமா?"

"நேத்திருந்து நிக்கலீங்க."

"காட்டுங்க" என்றார் அந்தப் பெண்.

விசில் ஊதியது. மாப்பிள்ளை துளை இருக்கும் இடத்துக்கு ஓடினார், பின்னாலேயே நாங்களும் ஓடினோம். வீடியோவில் அழைப்பு வந்தது. நெற்றியில் சின்னப் பொட்டு வைத்த ஒரு முகம் தெரிந்தது. மாப்பிள்ளை கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். அந்த முகம் அவரைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பக்கத்தில் நரைத்த மீசையோடு அப்பா வந்தார், அம்மா வந்தார், பிறகு அக்கம்பக்கத்தில் யார் யாரோ வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களும் இவரைப் பார்க்கவில்லை.

"தம்பி, போனக் கொஞ்சம் கீழ புடிங்க சாமி" என்றார் அப்பா. "இன்னும் கீழ. உங்க மூஞ்சி மறைக்குது."

பெண் பார்க்கிற, மாப்பிள்ளை பார்க்கிற எத்தனையோ இடத்துக்குப் போயிருக்கிறேன். மாப்பிள்ளையை ஓரமாக நிற்கச் சொன்ன இடம் இது ஒன்றுதான். மாப்பிள்ளை மண்டி போட்டுப் போனைத் தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"கலங்கலுங்களா?"

"தெளிவுங்க."

"கையில புடிச்சுக் காட்டுங்க."

கையில் பிடித்துக் காட்டினார்.

"வாயில ஊத்திப் பாருங்க. உப்புங்களா?"

"உப்பில்லீங்க. எளநி மாதர இருக்குதுங்க."

"எளநியாமா" என்று அப்பா பின்னால் திரும்பி யாரிடமோ சொன்னார். அங்கே பேச்சு சலசலத்தது. "எங்க காட்டுல அஞ்சு போட்டாச்சுங்க சாமி. கடேசி போரு ஆயிரத்து நூறு. பொகையாட்டம் புழுதிதான் வந்துச்சு. ஆட்டுக்குத் தண்ணி லாரியில வாங்கி ஊத்தறம்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "தம்பி, பக்கத்துல அது என்ன மூட்டைங்க?"

மாப்பிள்ளை எங்களைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சிமெண்டுங்க."

"எதுக்குங்க?"

"அடைக்கோணுங்க. இந்த எடத்துல ரயில் பாலத்துக்குத் தூண் வருதுங்க."

"அடைக்கறதுன்னா, இந்தத் தண்ணியவா?"

"ஆமாங்க."

"நீங்களேவா?"

"என்ற வேலைங்க அது."

தண்ணீர் மட்டும் குபுக் குபுக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"அடைக்கறப்ப போன நிறுத்திருங்க சாமி" என்றார் அப்பா. "எங்களால பாக்க முடியாது."

அவர் எழுந்து போய்விட்டார். பெண் மட்டும் இருந்தார். அப்போதுதான் முதல் தடவையாக மாப்பிள்ளையை நேராகப் பார்த்தார். மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"வேலைய முடிச்சுட்டே வாங்க" என்றார் பெண். "ஆடி கழியட்டும். நாங்க வேற எடம் பாக்கல." 

புதன்கிழமை காலை, ரயில் ஏற வேண்டிய நாளில், மாப்பிள்ளை மேடத்திடம் ஒரு மணி நேரம் கேட்டார். எதற்கு என்றார். டிரைவர் அண்ணன் தனக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் செலவழித்து, ஐந்து துளை, ஆயிரத்து நூறு அடி, லாரித் தண்ணீர் குடிக்கும் ஆடு எல்லாவற்றையும் சொன்னார். மேடம் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, சரி என்று தலையாட்டினார். 

என் சமையலறையில் இருந்த பாத்திரம் அத்தனையும் வெளியே வந்தது. குண்டா, வாளி, சொம்பு, டம்ளர், டீ வடிகட்டும் கிண்ணம் வரைக்கும் வந்தது. மழை பெய்துகொண்டிருக்கிறது, பத்தடி தள்ளி ஓடை நிறைய ஓடுகிறது, நாங்கள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாகப் பிடித்து வைக்கிறோம். பார்க்கிறவர்கள் எங்களுக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் மேடம் தன் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு நீட்டினார். மாப்பிள்ளை அதையும் நிரப்பிக் கொடுத்தார்.

பிறகு பைப்பை இறக்கினார். சிமெண்டுப் பாலைத் தள்ளும் பம்பை அவரே ஓட்டினார், யாரையும் தொட விடவில்லை. பதினாறு வருஷத்தில் தண்ணீர் வராத துளைகளை எத்தனையோ மூடியிருக்கிறார். வந்த தண்ணீரை மூடுவது இதுதான் முதல் தடவை. முழங்கால் உயரத்தில் இருந்தது கணுக்காலுக்கு இறங்கியது, வெளுத்தது, நூல்போல் ஆனது, நின்றது. டிரைவர் அண்ணனும் நானும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். கால் நிறைய அட்டை ஏறியது. யாரும் தட்டிவிடவில்லை.

பிடித்து வைத்த தண்ணீரில் நான்கு நாள் சமைத்தேன். அந்த நான்கு நாளும் மாப்பிள்ளை அப்பளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புதிதாகப் போட்ட இரண்டு துளையிலும் பாறை கிடைத்தது, தண்ணீர் வரவில்லை. நாங்கள் சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. பழக்கமில்லாததால் சும்மா நின்றோம்.

ஆவணியில் மேச்சேரிக்குப் போனோம். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில் வந்தார். நான்கு பை போட்டும் காலரில் ஒரு பூஞ்சைப் புள்ளி விழுந்திருந்தது. கையால் மறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, அப்பளமும் வந்தது. அவர் அதை எடுத்து ஒடித்தார். சத்தமாக உடைந்ததும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். தரகர் பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

கைகழுவ வாசலுக்கு வந்தோம். மாப்பிள்ளை சொம்பில் பாதியில் கைகழுவினார். மிச்சப் பாதியோடு நின்று இப்படியும் அப்படியும் பார்த்தார். ஜன்னலுக்கு உள்ளிருந்து, அதுவரை ஒரு வார்த்தை பேசாத பெண்ணின் குரல் வந்தது.

"எடது பக்கம் மாதுளை இருக்குதுங்க."

மாப்பிள்ளை போய் அதன் தூரில் ஊற்றிவிட்டு, வெறும் சொம்பை ஜன்னல் திட்டில் வைத்தார். அவர் கையை எடுப்பதற்கு முன்பே உள்ளிருந்து ஒரு கை வந்து அதை வாங்கிக்கொண்டது.

நான் தரகரிடம் போய், "இனிப் பேச ஒண்ணுமில்லீங்க, தேதியப் பாருங்க" என்றேன். அவர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரர், மலையடிவாரத்தில் தண்ணீர்க் கஷ்டம் தெரியாமல் குடியிருப்பவர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.